செல்லையா போட்ட தூசுக் குழாய்

ஜிந்துப்பிட்டியில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு செல்லையாவுடையது. முன்னால் ஓர் அறை, நடுவில் சமையலும் சாப்பாடும் நடக்கிற இடம், பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் முற்றம். அந்தப் பின்னறையில் வைத்து அவர் சாமி மாடம் செய்து விற்றார். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து மாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். பூசையறைக்கு இடமில்லாத வீட்டுக்காரர்கள் சுவரில் மாட்டுகிற சின்ன மாடமாகக் கேட்டார்கள். இரண்டு கதவு, மேலே கோபுர வளைவு, கீழே கற்பூரமும் தீப்பெட்டியும் வைக்க ஒரு இழுப்பு லாச்சி. செல்லையாவின் கதவுகள் சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளும். ஒருவர் வீட்டில் பார்த்து இன்னொருவர் தேடி வருவார்.

ஆனால் அவர் தச்சர் இல்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இளவயதில் கொழும்புக்கு வந்து, கிராண்ட்பாஸில் ஒரு தேயிலை ஸ்டோரில் மெஷின் பூட்டுகிற பிட்டராகச் சேர்ந்தவர். அங்கே அவருக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை தூசுக் குழாய். தேயிலையைக் கலக்கிச் சலிக்கிற மண்டபத்தில் பெண்கள் தலையும் இமையும் மண்ணிறமாகி வெளியே வருவார்கள். கூரையோரமாகத் தகரக் குழாய்களை ஓடவிட்டு, ஒவ்வொரு சல்லடைக்கு மேலும் ஒரு வாய் வைத்து, மண்டபத்துக்கு வெளியே நிற்கிற பெரிய விசிறியால் தூசை உறிஞ்சி எடுக்க வேண்டும். வரைபடம் போட்டவர் வேறொருவர். ஏணியில் ஏறி நின்று அதைப் பொருத்தியவர் செல்லையா. குழாய் ஓடத் தொடங்கிய அன்று சாயங்காலம் ஒரு பெண் கறுப்புத் தலையோடேயே வாசலைத் தாண்டினாள். ஏணியடியில் நின்றவரைப் பார்த்து, "இன்னைக்குத்தாங்க தொண்டை எரியாம வீட்டுக்குப் போறேன்" என்றாள். அவள்தான் பாக்கியலெட்சுமி. அடுத்த வருஷம் கல்யாணம்.

குழந்தைக்கு நெடுங்காலம் காத்திருந்தார்கள். முருகன் கோயிலில் பாக்கியம் வைக்காத நேர்த்தி இல்லை. பிறகு நிரோஷா பிறந்தாள். ஒரே பிள்ளை. பாக்கியம் ஸ்டோர் வேலையை விட்டாள். பின்னறையை மகளுக்குக் கொடுத்துவிட்டு இருவரும் முன்னறையில் பாய் போட்டுப் படுத்தார்கள். நிரோஷா ஏ.எல். பாஸ் பண்ணிவிட்டு மேலே படிக்க இடத்துக்குக் காத்திருந்தாள். கணக்கியல் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். யுத்தம் முடிந்த அந்த வருஷம் கொழும்பில் டெங்குவும் வந்தது. வெளியே வெடி போட்டுக் கொண்டாடுகிறார்கள், உள்ளே பிள்ளைக்குக் காய்ச்சல். முதல் இரண்டு நாள் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது வார்டில் கட்டில் இல்லாமல் பாயில் படுக்க வைத்திருந்தார்கள். பிறகு கட்டில் கிடைத்தது. அதில் அவள் அதிக நேரம் இருக்கவில்லை.

மகளின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் செல்லையா ஸ்டோரை விட்டு நின்றுகொண்டார். ஓய்வுபெற இன்னும் காலம் இருந்தது. அந்த மண்டபத்தின் பெண்கள் தன்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவதைத் தாங்க முடியவில்லை என்று டோரினிடம் சொன்னாராம். டோரின் பக்கத்து வீட்டுக்காரி. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய் தவறாமல் போகிறவள். பாக்கியத்தின் ஒரே சிநேகிதி.

வீட்டில் சும்மா இருந்த ஒரு காலையில் செல்லையா பின்னறைக் கட்டிலைக் கழற்றினார். கிருலப்பனையில் பாக்கியத்தின் அக்கா குப்பாயி விதவையாகத் தனியே இருந்தாள். அவளிடம் நல்ல கட்டில் இல்லை என்று ஒரு த்ரீவீலரின் மேல் கட்டி அனுப்பிவிட்டார். பஞ்சிகாவத்தையில் கரண்டில் ஓடுகிற பழைய மேசை வாள் ஒன்று பார்த்து வாங்கி வந்து அந்த இடத்தில் வைத்தார். பிறகு சீவுகிற மெஷின், பிறகு உப்புத்தாள் சுற்றித் தேய்க்கிற மெஷின். பாக்கியம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த அறை வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்க அவளால் முடியாது, அதுதான் பேசாமல் இருக்கிறாள் என்று செல்லையா நினைத்தார். உண்மையில் பார்க்க முடியாமல் இருந்தவர் அவர்தான்.

மெஷின் ஓடும்போது வீட்டில் யாரும் எதுவும் பேச முடியாது. காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் பொழுது சாயும் வரை ஓடும். பலாப் பலகை அறுத்தால் மஞ்சள் தூசு, தேக்கு என்றால் கருஞ்சிவப்பு. எல்லாவற்றிலும் மோசம் மரத்தூளை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை. அதன் தூசு கோதுமை மாவு மாதிரி. கதவிடுக்கால் வரும், ஜன்னல் வழியே போய் டோரினின் கொடியில் காய்கிற வெள்ளைத் துணியில் உட்காரும். பாக்கியம் சோற்றுப்பானையை ஈரத்துணியால் மூடிவைத்தாள். சாமிப் படங்களைத் துடைத்தாள். மகளின் படத்தை ஒரு நாளைக்குப் பலமுறை துடைத்தாள். இருமல் வந்து இரவெல்லாம் விடாமல் இருந்தது. தூசு தாங்க முடியவில்லை என்று அவள் அடிக்கடி சொன்னாள். செல்லையா ஜன்னலுக்குச் சாக்குக் கட்டினார். பிறகு கதவுக்கும் கட்டினார். நேரம் கிடைத்ததும் குழாய் போடுவதாகச் சொல்வார். ஓர்டர் நிறைய இருந்தது. வருஷங்கள் போயும் நேரம் கிடைக்கவில்லை.

தீபாவளி கழிந்த ஒரு காலையில் பாக்கியம் ஒரு பையில் சேலைகளை மடித்து வைத்தாள். குப்பாயி அக்காவுக்குக் கால் ஏலாமல் இருக்கிறது, கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். செல்லையா பஸ் நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனார். பஸ் வரும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்:

"இந்தத் தூசுல என்னால இருக்க முடியலங்க."

செல்லையாவுக்கு அது அடி மாதிரி விழுந்தது. அவர் திரும்பி வந்தபோது டோரின் கழுவிய துணிகளை மறுபடியும் வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் சுற்றி வளைத்துக் கதைக்கிறவள் இல்லை.

"அண்ணே, ஸ்டோர்ல அத்தனை பொம்பளைகளுக்குக் குழாய் போட்டுக் குடுத்த ஆள் நீங்க. சொந்தப் பொஞ்சாதிக்குப் போட ஏன் இவ்வளவு காலம்?"

அன்றைக்கு அவர் மெஷினைப் போடவில்லை. பின்னறைச் சுவரில் பென்சிலால் கோடு போடத் தொடங்கினார்.

குழாய் போடுவது அவருக்குக் கைவந்த வேலை. ஆனால் இந்த முறை அவர் அதை ஸ்டோருக்குச் செய்ததைவிடப் பொறுமையாகச் செய்தார். விசிறியை அறைக்குள் வைத்தால் எவ்வளவு துணிப்பை கட்டினாலும் மெல்லிய தூசு திரும்ப உள்ளேயே வரும் என்று அதை முற்றத்தில் வைத்தார். டோரின் வீட்டுப் பக்கம் போகாமல், ரயில்வேக் காணிப் பக்கம் திரும்புகிற மாதிரி அதன் வாயை உயர்த்தினார். முகத்துவாரத்தில் தகரப் பட்டறை வைத்திருக்கிற நிக்கலஸிடம் போய், மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஒரு கூம்பு செய்வித்தார். காற்று அதற்குள் சுழன்று இறங்கும்போது சீவலும் கனத்த தூளும் அடியிலிருக்கிற பீப்பாவில் விழுந்துவிடும். மிச்சமுள்ள மாவுத் தூசுதான் விசிறிக்குப் போகும். நிக்கலஸ் இரண்டு முறை செய்ததைச் செல்லையா வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது கூம்பு அவருக்குப் பிடித்தது. வீட்டுக்கு இவ்வளவு திறமாக எதற்கு என்று நிக்கலஸ் கேட்டபோது, என் பொஞ்சாதி திரும்பி வரணும் என்று மட்டும் சொன்னாராம்.

தண்ணீருக்குப் போடுகிற பி.வி.சி. குழாயில் தடித்ததை வாங்கி அறையின் நடுவில், தலைக்கு மேலே, முற்றத்துச் சுவர் வரை ஓட்டினார். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கிளை. கிளை பிரிகிற இடத்தில் செங்கோணம் வைக்கவில்லை. சட்டென்று திருப்பினால் காற்று முட்டி நின்று தூள் அந்த முடக்கிலேயே அடைத்துக்கொள்ளும். ஆறு வளைகிற மாதிரி சாய்வாகச் சேர்த்தார். ஒவ்வொரு கிளைக்கும் பலகையில் ஒரு இழுப்புக் கதவு செய்தார். வாள் ஓடும்போது மற்றவற்றை மூடிவிட்டால் முழு இழுப்பும் வாளுக்கே வரும். பிளாஸ்டிக் குழாயில் தூசு உரசி ஓடினால் கையில் ஷொக் அடிக்கும். அதற்காகக் குழாயோடு செம்புக் கம்பி சுற்றி நிலத்துக்கு இறக்கினார்.

நடுக் குழாயைத் தொங்கவிட கூரை மரத்தில் கொக்கி வேண்டியிருந்தது. அண்ணாந்து பார்த்தபோது நாலு கொக்கிகள் ஏற்கெனவே இருந்தன. துருப்பிடித்தும் பலமாக இருந்தன. பிடித்துத் தொங்கிப் பார்த்தார், அசையவில்லை. இரண்டு கொக்கி குழாய் போகிற கோட்டிலேயே இருந்தன. நல்லதாய்ப் போயிற்று என்று அவற்றில் பட்டியைக் கோத்துக் குழாயைத் தூக்கிக் கட்டினார்.

எல்லாம் முடிந்ததும் ஊதுபத்தி கொளுத்திச் சோதித்தார். விசிறியை ஓடவிட்டு, குழாயும் குழாயும் சேர்கிற ஒவ்வொரு பூட்டுக்கும் கிட்டே புகையைக் கொண்டுபோனார். எங்கேயாவது புகை குழாயின் உடம்புக்குள் இழுபட்டால் அங்கே ஓட்டை. அந்த இடத்தில் பிசின் தடவினார். பிறகு வாளடியில் பிடித்தார். புகை ஒரு நூலைப் போல நேரே உள்ளே போனது. அன்றைக்குப் பின்னேரம் அவர் எம்.டி.எஃப். பலகையாக எடுத்து அறுத்தார். மேசை மீது ஒரு வெள்ளை லேஞ்சித் துணியை விரித்து வைத்திருந்தார். அறுத்து முடித்து எடுத்து உதறினால் ஒன்றுமில்லை. டோரின் கொடியில் துணி போட்டுவிட்டு வந்து பார்த்து, மாதாவே என்று சிரித்தாள். நெடுங்காலத்துக்குப் பிறகு செல்லையாவும் சிரித்ததை நாங்கள் அன்றைக்குத்தான் கண்டோம்.

பாக்கியத்துக்குப் போன் எடுத்துச் சொன்னார். நல்லதுங்க என்றாள். வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்கு வருகிறேன், அப்படியே வீட்டுக்கும் வருகிறேன் என்றாள். செல்லையா அந்த இரண்டு மூன்று நாளும் வீட்டைக் கழுவினார். பானைகளைத் தேய்த்துக் கவிழ்த்தார். முன்னறைப் பாயை வெயிலில் போட்டார்.

அவள் திருநீறு பூசியபடி வந்தாள். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. இருமல் இல்லை. செல்லையா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுக்க முடியாமல் பின்னறைக்குப் போய் விசிறியைப் போட்டார், வாளைப் போட்டார், ஒரு பலகையை அறுத்தார். பாக்கியம் எழுந்து வந்து அந்த அறையின் நிலையோடு நின்றாள். அவர் குரலை உயர்த்தி ஒவ்வொன்றாகக் காட்டினார். கூம்பு, கதவுகள், கம்பி. லேஞ்சியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே வந்து பார் என்று கையால் கூப்பிட்டார். அவள் நிலையைத் தாண்டி ஓர் எட்டு வைத்தாள். குழாய் எங்கே போகிறது என்று பார்க்கத் தலையை நிமிர்த்தினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

செல்லையா வாளை நிறுத்தினார். விசிறியையும் நிறுத்தினார். அது சுற்றி ஓயச் சற்று நேரம் எடுத்தது.

"அந்தக் கொக்கி எதுக்கு அடிச்சது?" என்று பாக்கியம் கேட்டாள்.

அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒழுங்கையில் டெங்கு என்று முதல் பேச்சு வந்த கிழமை, பாக்கியம் பெட்டாவில் ஒரு நுளம்பு வலை வாங்கி வந்தாள். நிரோஷா வேண்டாம், புழுங்கும் என்றாள். பாக்கியம் விடவில்லை. செல்லையா ஏணி வைத்துக் கட்டிலின் நாலு மூலைக்கும் மேலே நாலு கொக்கி அடித்துக் கொடுத்தார். அந்த நுளம்பு பகலில்தான் கடிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் அவசரமாக, இப்பவே கழற்றிவிடுகிறேன், வேறு கொக்கி போடுகிறேன் என்று ஏணியை எடுக்கப் போனார். பாக்கியம் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"புள்ள போனதுக்கப்புறம் இன்னைக்குத்தாங்க இந்த ரூமுக்குள்ள காலு வைக்கிறேன். உங்களுக்குத் தெரியுமா?"

செல்லையாவுக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தார். தேத்தண்ணியை அவள் எப்போதும் கதவுக்கு வெளியே ஸ்டூலில்தான் வைத்துவிட்டுப் போவாள். தூசுக்காக என்று நினைத்திருந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட வெளியே நின்று கதவைத் தட்டுவாள். சத்தத்துக்காக என்று நினைத்திருந்தார்.

"நீதானே தூசுன்னு சொன்னே, பாக்கியம்."

"தூசுன்னுதான் சொன்னேன். வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

அவள் அழவில்லை. குழாய் மிகவும் நன்றாக இருக்கிறது, ஸ்டோரில் போட்டதைவிட நல்லா இருக்கிறது என்று மனசாரச் சொன்னாள். பிறகு, அக்கா வீட்டில் மகளின் கட்டிலில்தான் படுக்கிறேன் என்றும், அங்கே தனக்குத் தூக்கம் வருகிறது என்றும் சொன்னாள். வெயில் சாயுமுன் புறப்பட்டாள். டோரின் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்று கதைத்துவிட்டுப் போனாள். போகும்போது பையை இந்த முறை அவளே தூக்கிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து கழற்றுகிற சத்தம் கேட்டது. எங்களில் இரண்டு பேர் போய் உதவினோம். அவர் எதையும் உடைக்கவில்லை. ஒவ்வொரு பூட்டையும் பக்குவமாகக் கழற்றி, கிளைகளை அடுக்கி, கொக்கிகளில் இருந்த பட்டியைக் கடைசியாக அவிழ்த்தார். நிக்கலஸின் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் வாடகைக்குக் கிடைத்தது. மெஷின்களை லொறியில் ஏற்றி அங்கே கொண்டுபோய்விட்டார். பிறகு தனியாக அந்த அறையைக் கழுவினார். சுவர் வெடிப்புகளுக்குள் தூசு களி மாதிரி இறுகியிருந்தது. குச்சியால் தோண்டித் தோண்டி எடுத்தார். சுண்ணாம்பு அடித்தார். மகள் கேட்டு அடித்திருந்த அதே இளநீலத்தில் ஜன்னல் சட்டங்களுக்குப் பெயின்ட் அடித்தார். அந்த நிறம் கிடைப்பதற்காக மூன்று கடை ஏறி இறங்கியதாக டோரினிடம் சொல்லியிருக்கிறார்.

பாக்கியம் இன்னொரு முறை வந்தாள். இந்த முறை அவர் முன்னால் போகவில்லை. அவள் தானாகப் பின்னறைக்குள் போனாள். சுவரைத் தொட்டாள். ஜன்னல் சட்டத்தைத் தொட்டாள். கட்டில் இருந்த மூலையில் போய் நின்றாள். வெறும் அறை. சுண்ணாம்பும் பெயின்டும்தான் மணத்தன. அங்கே மகளுடையது என்று ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் செல்லையா நன்றாகவே கழுவிவிட்டிருந்தார். அப்போதுதான் பாக்கியம் அழுதாள். நிலத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுதாள். டோரின் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். செல்லையா நிலைக்கு வெளியே நின்றார். உள்ளே போகலாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் அவளைத் திரும்பி வரச் சொல்லிக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டாவுக்கு நடந்துபோய் 138 பஸ்ஸில் ஏறிக் கிருலப்பனைக்குப் போவார். வழியில் ஏதாவது வாங்கிக்கொண்டு போவார், மீனோ பழமோ. குப்பாயி அக்கா சமைப்பாள். மூவரும் சாப்பிடுவார்கள். பிறகு அக்கா உள்ளே போய்ப் படுத்துவிடுவாள். இவர்கள் இருவரும் வாசல் பக்கம் இரண்டு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒழுங்கையின் செய்தி சொல்லுவார். யாருக்கு மாடம் செய்கிறார் என்று சொல்லுவார். ஷெட்டில் குழாயை மறுபடி பூட்டியதையும், அதைப் பார்த்துவிட்டு முகத்துவாரத்தில் இன்னொரு தச்சர் தனக்கும் போட்டுத் தரச் சொன்னதையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, சொல்லுவதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. பாக்கியம் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கு அவ என்னங்க சொன்னா?"

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் காலையில் பாக்கியம் கஞ்சி வைத்து எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வரப் பஸ் கிடைக்கவில்லை. அவள் வார்டுக்கு வந்தபோது திரை இழுத்திருந்தார்கள். கடைசியில் பக்கத்தில் இருந்தது செல்லையா மட்டும். அதைப் பற்றி அவள் இத்தனை காலம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில்தான் அந்த வாளையும் மெஷினையும் நாள் முழுக்க ஓடவிட்டேன் என்று பின்னொரு நாள் அவர் என்னிடம் சொன்னார்.

"குளிருதுன்னா. ஃபேனை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னா. திருப்பினேன்."

"வேற?"

"அம்மா வந்துட்டாங்களான்னு கேட்டா. வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேன்." அவர் முகத்தை மழைப் பக்கம் திருப்பினார். "சரி, அவங்க வந்ததும் எழுப்புங்கன்னு சொல்லிட்டுக் கண்ண மூடினா. எழுப்புறதுக்கு…"

பாக்கியம் கையை நீட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதுவரை மகளுக்காக அழுது யாரும் பார்த்ததில்லை. குப்பாயி அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போய்விட்டாள். பொழுது சாய்கிற வரைக்கும் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பாக்கியம் எழுந்து அவருக்குத் தேத்தண்ணி போட்டாள். அவளே குடை பிடித்துக் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டாள்.

அவள் ஜிந்துப்பிட்டிக்குத் திரும்பவில்லை. குப்பாயி அக்கா செத்த பிறகும் கிருலப்பனையிலேயே இருந்தாள். செல்லையா அந்த நீல ஜன்னல் அறையை யாருக்கும் வாடகைக்குக் கொடுக்கவில்லை, அதில் படுக்கவும் இல்லை. ஞாயிறு தவறியதில்லை. போகிற நாளெல்லாம் இருவரும் நிரோஷாவைப் பற்றிக் கதைப்பார்கள். சின்ன வயதில் அவள் செய்த குழப்படி, அவளுக்குப் பிடிக்காத கறி, பள்ளிக்கூடத்துச் சண்டைகள். பொழுது பட்டு நெடுநேரம் கழிந்துதான் அவர் எழும்புவார். இருந்துவிட்டுப் போங்கள் என்று அவள் சொல்வதில்லை. கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் அவர் வந்து இறங்கி, இருட்டு ஒழுங்கையில் தன் வீட்டுப் பூட்டைத் தடவித் திறக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்கும்.